நீண்ட ஒடுக்கமான ஸ்கீ: எந்தப் பனியில் ஓடும், எந்தப் பனியில் மாட்டும்?

கேள்வி, நவம்பர் 18

ஒருவர் அடித்துச் சொல்கிறார்: பனியில் வழுக்கக் காலில் மாட்டும் ஸ்கீப் பலகை என்றால் நீளம்தான், நீளமானதுதான் ஆழப் பனியில் மிதக்கும், அந்தக் காலத்து ஆட்கள் எல்லாம் ஆளைவிட நீளமான ஒடுக்கமான பலகையைக் கட்டிக்கொண்டுதான் போனார்கள், இப்போது வரும் குட்டை அகல ஸ்கீ எல்லாம் வழுக்கத் தெரியாதவர்களுக்கு. அவர் வாங்கச் சொல்வது 210 செ.மீ நீளம், இடுப்பில் (ஒடுக்கமான நடுப்பகுதியில்) 54 மி.மீ, இரட்டை வளைவு (நடுப்பகுதி விறைப்பான வில்லாக மேலே நிற்பது), எஃகு விளிம்பு. பையோடு சேர்த்து என் எடை 68 கிலோ. எந்திரம் தடம் போட்ட பாதையில் போகமாட்டேன், வெட்டவெளியும் காடும்தான். எல்லாப் பனிக்கும் இது ஒன்று போதுமா?

நவம்பர் 18, இரவு

மிதப்புப் பேச்சை முதலில் கணக்கில் வைத்துப் பார்ப்போம். முனை, இடுப்பு, வால் என்று 66-54-61 அளவுள்ள ஸ்கீயின் சராசரி அகலம் சுமார் 6 செ.மீ. 210ஆல் பெருக்கினால் 1,260 சதுர செ.மீ. இப்போது 112-78-95 அளவுள்ள 179 செ.மீ ஸ்கீயை எடுங்கள். சராசரி 9.5, பரப்பு 1,700. நீளத்தில் ஒரு சாணுக்கு மேல் குறைந்த ஸ்கீ, பரப்பில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். பனியில் எவ்வளவு அமுங்குவீர்கள் என்பதைப் பெரும்பாலும் பரப்புதான் தீர்மானிக்கிறது. ஆகவே 54 மி.மீ இடுப்புள்ள ஸ்கீ மிதக்கும் என்று யார் சொன்னாலும், அவர் மிதந்தது அடியில் இறுகிய தளம் இருந்த பனியில்.

நீளம் வீண் என்று நான் சொல்லவில்லை. அது செய்யும் வேலை வேறு. நாளை எழுதுகிறேன்.

நவம்பர் 19

ஆழப் பனியில் காலை வைத்தால் ஸ்கீ அமுங்கும். முன்னே நகரும்போது எதிரில் இருக்கும் தொடாத பனியை மறுபடி அமுக்கியாக வேண்டும். மூச்சு வாங்குவது அதனால்தான். மேலோட்டமாகக் கணக்குப் போட்டால் ஒவ்வொரு மீட்டருக்கும் ஆகும் வேலை இது: எடை × அமுங்கும் ஆழம் ÷ ஸ்கீயின் நீளம்.

அகலம் இதில் நேரடியாக வரவே இல்லை, கவனித்தீர்களா? அது ஆழத்தைக் குறைப்பதன் வழியாக மட்டும்தான் உள்ளே நுழைகிறது. நீளம் நேராகவே வருகிறது. சமதரையில் போனாலும் நீங்கள் பள்ளத்திலிருந்து மேலே ஏறிக்கொண்டேதான் இருக்கிறீர்கள். 20 செ.மீ அமுங்கி, ஸ்கீ 200 செ.மீ என்றால் பத்துக்கு ஒன்று மேடு. அதே ஆழத்தில் 150 செ.மீ ஸ்கீ என்றால் ஏழரைக்கு ஒன்று. நாள் முழுக்க.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. மேலே ஒரு சாண் புதுப் பனி, அடியில் இறுகிய தளம். இங்கே அகல ஸ்கீயும் கிட்டத்தட்ட தளம் வரை போகும், ஒடுக்க ஸ்கீயும் போகும். ஆழம் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் நீளம் ஜெயிக்கும். அடியில் தளமே இல்லாத, இடுப்பளவு மாவுப் பனி என்றால் அகலம் ஆழத்தைப் பாதியாகக் கூடக் குறைக்கலாம், அப்போது அகலம் ஜெயிக்கும். இரண்டு கூட்டமும் மாறி மாறிச் சண்டை போடுவது வெவ்வேறு பனியில் நின்றுகொண்டு.

நவம்பர் 20

சூத்திரம் வேண்டாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரி. ஸ்கீக் கம்பைத் தலைகீழாக்காமல், வளையம் உள்ள நுனி கீழே இருக்கும்படி பனியில் குத்துங்கள். வளையம் வரை சட்டென்று இறங்கி, அங்கே கெட்டியாக நின்றால் நீள ஸ்கீயை எடுங்கள். இறங்கிக்கொண்டே போனால் அகல ஸ்கீ. முழங்கை வரை போனால் வீட்டுக்குப் போங்கள்.

நவம்பர் 27

நீளம், அகலம் இரண்டையும் பற்றி ஆளாளுக்கு எழுதியாயிற்று. விறைப்பைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. என் அனுபவத்தில் பாதிச் சிக்கல் அதில்தான் இருக்கிறது.

இரட்டை வளைவு ஸ்கீயைத் தரையில் வைத்தால் நடுப்பகுதி வில்லாக மேலே நிற்கும். இரண்டு காலிலும் சமமாக நிற்கும்போது நடுப்பகுதி பனியைத் தொடக்கூடாது, முனையும் வாலும் மட்டும் வழுக்க வேண்டும். ஒரே காலில் முழு எடையையும் போட்டு உந்தும்போது மட்டும் நடுப்பகுதி கீழே வந்து, அங்கே பூசிய கிரிப் மெழுகோ வெட்டிய செதிலோ பனியைப் பிடிக்க வேண்டும். இந்த ஏற்பாடு முழுவதும் உங்கள் எடையை நம்பி இருக்கிறது. உயரத்தை வைத்து நீளத்தைத் தேர்ந்தெடுப்பது பழைய பழக்கம். எடைதான் முதலில்.

வீட்டில் சோதிக்க ஒரு தாள் போதும். கெட்டியான சமதரையில் இரண்டு ஸ்கீயிலும் ஏறி நில்லுங்கள். வேறொருவர் பாதத்துக்கு அடியில் தாளை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கட்டும். தடையில்லாமல் நகர வேண்டும். இப்போது ஒரே காலுக்கு எடையை மாற்றுங்கள். தாள் மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டவில்லை என்றால் அந்த ஸ்கீ உங்களுக்கு விறைப்பு. ஏற்றத்தில் பின்னால் வழுக்கிக்கொண்டே இருப்பீர்கள், மெழுகைக் குறை சொல்வீர்கள். கேள்வி கேட்டவர் 68 கிலோ. 210 நீளத்தில் வரும் இரட்டை வளைவு பொதுவாகக் கனமான ஆளுக்கோ, முதுகில் பெரிய மூட்டை சுமப்பவருக்கோ கணக்குப் பண்ணியது. அவருக்கு அந்தத் தாள் மாட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

டிசம்பர் 9

முதல் நல்ல பனி விழுந்தது. காற்றில்லாமல் இரவு முழுக்க விழுந்த பனி, கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ தேறும், அவ்வளவுதான். பனிக்கட்டி 917 கிலோ. அதாவது காலடியில் இருந்தது பத்தில் ஒன்பது பங்கு காற்று.

54 இடுப்பு ஸ்கீயோடு காட்டுக்குள் போனேன். சமதரையில் பிரச்சினை இல்லை. முனைகள் இரண்டும் பனிக்கு அடியில், ஒரு கையளவு ஆழத்தில் போய்க்கொண்டிருந்தன. மேலே தெரிந்தது முன்னே நகரும் இரண்டு சிறு மேடுகள் மட்டும். நேராகப் போகிற வரைக்கும் அப்படிப் போகலாம். சரிவு தொடங்கியதும் முனை மேலே வர மறுத்தது. பின்னால் சாய்ந்து பார்த்தேன். வால் அமுங்கி முனை கொஞ்சம் எழுந்தது, ஆனால் தொடை அரை நிமிடத்தில் எரிய ஆரம்பித்துவிட்டது.

முனை மூழ்கியதற்கு ஒடுக்கம் மட்டும் காரணமில்லை. விறைப்பான இரட்டை வளைவை அமுக்கி நேராக்க அடியில் கெட்டித் தளம் வேண்டும். மாவுப் பனியில் அது இல்லை. அதனால் ஸ்கீ வில்லாகவே நிற்கிறது, வில்லின் இரண்டு நுனியும் கீழே பார்க்கின்றன. அதே 54 இடுப்பில் முன்பகுதி மெத்தென்று வளைந்து, முனை சற்று முன்கூட்டியே மேலே எழும்படி செய்த ஸ்கீகளும் வருகின்றன. அவை மூழ்குவது நிறையக் குறைவு. அளவுச் சீட்டில் இரண்டும் ஒரே எண்தான் காட்டும். வாங்குவதற்கு முன் முனையைக் கையால் வளைத்துப் பாருங்கள்.

டிசம்பர் 10

"மூழ்கின ஸ்கீயின் மேல் பனி ஏறி உட்காருமே, அந்த எடை உன் சூத்திரத்தில் இருக்கிறதா?" என்று கேட்டவருக்கு: இல்லை. முனையைத் தூக்கி வெளியே எடுக்கும் உழைப்பும் அதில் இல்லை. பக்கச் சுவரின் உராய்வும் இல்லை. மூழ்கும் அளவுக்குப் பனி ஆழமாகிவிட்டால் நீள ஸ்கீக்கு அந்தச் சூத்திரம் காட்டுவதைவிட நிலைமை மோசம். ஆகவே எல்லையை இப்படி வைத்துக்கொள்ளலாம்: முனை கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் சூத்திரம் செல்லும்.

டிசம்பர் 23

கடுங்குளிர். ஸ்கீயை என்ன செய்தாலும் வழுக்கவில்லை.

வழுக்குவதற்குக் காரணம் உராய்வின் வெப்பத்தில் உருகும் மெல்லிய நீர்ப்படலம். உறைநிலைக்குச் சில பாகை கீழே இருக்கும்போது அது சரியான அளவில் கிடைக்கிறது, உராய்வு மிகக் குறைவாக இருப்பது அந்த இடத்தில்தான். மைனஸ் 25, 30க்குப் போனால் படலம் உண்டாவதே கஷ்டம். பனித்துகளின் முனைகள் கூர்மையாகவும் கெட்டியாகவும் நின்று அடிப்பகுதியைக் கீறுகின்றன. துருவப் பயணம் போனவர்கள் கடுங்குளிர்ப் பனியில் வண்டி இழுப்பது மணலில் இழுப்பதற்குச் சமம் என்று எழுதிவைத்தது இதைத்தான்.

இந்த நிலையில் நீள ஸ்கீக்குத் தனிச் சலுகை ஏதும் கிடையாது. ஒரு உந்தலுக்கு நாலு மீட்டர் வழுக்குவதற்காக நீளத்தைச் சுமந்தீர்கள், வழுக்கு அரை மீட்டராகிவிட்டால் அது வெறும் சுமை. ஒரே ஆறுதல், கடுங்குளிருக்கான கெட்டிப் பச்சை மெழுகு ஒரு பூச்சு போட்டால் பிடிமானம் நாள் முழுக்க நிற்கும்.

ஜனவரி 8

பகலில் உருகி இரவில் உறைந்த பனி. வண்டித் தடம் போன காட்டுப் பாதை கண்ணாடியாகிக் கிடந்தது.

ஒடுக்கமான ஸ்கீக்கு இங்கே ஒரு நியாயம் உண்டு, நிறையப் பேர் அதைக் கவனிப்பதில்லை. விளிம்பில் நிற்கும்போது பாதத்தின் நடுவுக்கும் விளிம்புக்கும் உள்ள தூரம்தான் கணுக்காலைத் திருகும் நெம்புகோல். 54 மி.மீ இடுப்பில் அது 27 மி.மீ. 100 மி.மீ இடுப்பில் 50. ஒடுக்க ஸ்கீ பாதத்துக்கு நேர் கீழே கடிக்கும், கணுக்கால் வலிக்காது. சரிவின் குறுக்கே பக்கவாட்டில் ஏறும்போது இந்த வித்தியாசம் சில அடிகளிலேயே தெரிந்துவிடும்.

ஆனால் இறங்கும்போது கதை மாறுகிறது. இரண்டு காலிலும் சமமாக நின்றால் இரட்டை வளைவின் நடுப்பகுதி அந்தரத்தில் நிற்கிறது. பனியைக் கடிப்பது முனையும் வாலும். இரண்டு மீட்டர் இடைவெளியில் இரண்டு இடம் கடித்தால் ஸ்கீ நேராகத்தான் போகும், திரும்பாது. வேகத்தைக் குறைக்க முனைகளைச் சேர்த்து, வால்களை விரித்து ஸ்னோபிளவ் போட்டாலும் பாதத்துக்கு அடியில் உள்ள விளிம்பு வேலைக்கு வராமல் சுரண்டிக்கொண்டே இறங்கும். நான் அந்தப் பாதையில் செய்தது, வேகம் ஏறுவதற்கு முன்பே ஒரு காலில் முழு எடையையும் போட்டு, மற்றக் காலைத் தூக்கிப் புதுத் திசையில் வைத்து, இப்படியே எட்டு வைத்து எட்டு வைத்துத் திரும்பினேன். பார்க்க அசிங்கமாக இருக்கும். விழமாட்டீர்கள்.

ஜனவரி 9

"அப்படியானால் பந்தய ஸ்கீ 44 மி.மீதானே, அது பனிக்கட்டியில் இன்னும் நன்றாகப் பிடிக்க வேண்டுமே?" நல்ல குறும்பு. பந்தய ஸ்கீக்கு எஃகு விளிம்பு கிடையாது, பக்கவாட்டு உள்வளைவும் கிட்டத்தட்ட இல்லை. எந்திரம் வெட்டிய தடமே அதைப் பிடித்து நடத்துகிறது. தடத்தை எடுத்துவிட்டால் அதை ஓட்டுபவருக்கும் வேர்க்கும்.

இன்னொன்று. ஸ்கீ எவ்வளவு கடித்தாலும் காலணி தளதளவென்று இருந்தால் பயனில்லை. காலணியை ஸ்கீயோடு பிடிக்கும் பைண்டிங் முன்விரலில் மட்டும் மாட்டுவதாக இருந்தால் குதிகால் சுதந்திரமாக இருக்கிறது, அது பக்கவாட்டிலும் நழுவப் பார்க்கும். 75 மி.மீ மூன்று ஊசி பைண்டிங்கோ, அகலமான கம்பி உள்ள என்என்என் பிசி வகை பைண்டிங்கோ, எதுவானாலும் காலணியின் அடிப்பகுதியைக் கையால் முறுக்கிப் பாருங்கள். எளிதாக முறுக்க வந்தால் உங்கள் விளிம்பு பனிக்கட்டியைத் தொடும், கடிக்காது.

ஜனவரி 25

பொருக்குப் பனி. இதற்காகத்தான் இந்த இழையைத் திறந்தே வைத்திருந்தேன்.

மேலே இரண்டு விரல்கடை கனத்தில் உறைந்த ஓடு, அடியில் ஒட்டாத மென்மையான பனி. ஓடு என் எடையை ஒரு நொடி தாங்குகிறது, பிறகு விட்டுவிடுகிறது. இரண்டு காலிலும் பரவலாக நின்று இழைந்து இழைந்து போனால் தாங்கும். ஒரு காலை உந்தினால் அந்தக் கால் உடைத்துக்கொண்டு உள்ளே போகும். நீள ஸ்கீயின் பெரிய பலமே ஒரு காலில் உந்தி வழுக்குவது. அதைச் செய்யவே கூடாது என்கிறது இந்தப் பனி.

உள்ளே போனால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் படத்தில் யாரும் இதைக் காட்டுவதில்லை. முனை ஓட்டுக்கு அடியில் நுழைகிறது. உள்ளே பனி இளக்கம், அதனால் ஸ்கீ வேகமாகவே முன்னே போகிறது. மேலே உள்ள ஓடு ஸ்கீயின் மேல் ஏறி, காலணியின் நாடாவைச் சீவிக்கொண்டு முழங்காலுக்குக் கீழ் எலும்பில் வந்து முட்டுகிறது. ஓட்டின் விளிம்பு கூர்மை, கால்சட்டையைக் கிழிக்கும். கால் நின்றுவிட்டது, உடம்பு நிற்கவில்லை. முன்பக்கமாக விழுந்த பிறகு பார்த்தால் ஸ்கீயின் முன்பகுதி ஒரு மீட்டருக்கு மேல் ஓட்டுக்கு அடியில் இருக்கிறது. பக்கவாட்டில் இழுக்க முடியாது, மேலே தூக்கவும் முடியாது. வந்த வழியே பின்னால்தான் உருவ வேண்டும். கையை ஊன்றினால் கையும் உள்ளே போகிறது, தோள் வரை. நான் பைண்டிங்கைக் கழற்றிவிட்டு, பையைப் பனியில் படுக்கப் போட்டு அதன்மேல் முழங்காலிட்டு ஸ்கீயை உருவி எடுத்தேன்.

குட்டை அகல ஸ்கீயில் இதே ஓட்டில் போன நண்பர் அப்படி விழவில்லை. அவருக்கும் உடைந்தது, ஆனால் முனை அகலமாகவும் மேலே தூக்கியும் இருந்ததால் ஓட்டுக்கு மேலேயே ஏறிவந்தது. திரும்புவதும் அவருக்கு எளிது. எனக்குத் திரும்ப ஒரே வழி நின்ற இடத்தில் ஒரு காலைத் தூக்கி, ஸ்கீயை வானத்தைப் பார்க்க நிறுத்தி, அப்படியே பின்பக்கம் திருப்பி வைப்பது. மரக்கிளைகளுக்கு நடுவே இரண்டு மீட்டர் பலகையை வைத்து அதைச் செய்து பாருங்கள், வசவுச் சொற்கள் தானாக வரும்.

ஜனவரி 26

கேட்டதால் சொல்கிறேன்: ஆம், அன்று திரும்பும்போது ஸ்கீயைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தும் பார்த்தேன். ஒவ்வோர் அடிக்கும் இடுப்பு வரை இறங்கியது. மறுபடி மாட்டிக்கொண்டேன். எவ்வளவு திட்டினாலும் ஒடுக்க ஸ்கீயின் 1,260 சதுர செ.மீ, காலணியின் அடிப்பரப்பைவிடப் பல மடங்கு.

பிப்ரவரி 6

காற்று இறுக்கிய பனி வந்தால் எல்லாம் தலைகீழ். மரமில்லாத மேட்டுவெளியில் காற்று பனித்துகள்களை உடைத்துப் பொடியாக்கி நெருக்கி அடுக்குகிறது, கன மீட்டருக்கு 350, 400 கிலோ வரை போகும். அதன்மேல் காற்றே செதுக்கிய வரப்புகள், சாஸ்ட்ருகி என்பார்கள். முழங்கால் உயரத்துக்கும் வரும்.

சின்ன வரப்புகளில் நீள ஸ்கீ ராஜா. இரண்டு மூன்று வரப்புகளின் உச்சியைத் தொட்டுக்கொண்டு போகும், பள்ளத்தில் இறங்காது. குட்டை ஸ்கீ ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறும், முழங்கால் கணக்குச் சொல்லும். வரப்பு பெரிதாகி, முனை ஒன்றிலும் வால் அடுத்ததிலும் நின்றால் மட்டும் நடுப்பகுதி அந்தரத்தில் தொங்கும், கிரிப் மெழுகு எதையும் தொடாது, பின்னால் வழுக்கும். அந்த இடத்தில் வரப்பைக் கோணலாக வெட்டிப் போக வேண்டும்.

1911ல் தென்துருவத்துக்குப் போன அமுண்ட்சன் குழுவின் ஹிக்கரி மர ஸ்கீகள் ஏறக்குறைய 2.4 மீட்டர். பனிப்பாளத்தில் பிளவுகளை மூடி நிற்கும் பனிப் பாலங்கள் உடையாமல் இருக்க, ஆளின் எடை நீளத்தில் பரவ வேண்டும் என்பது அவர் கணக்கு. கேள்வி கேட்டவரின் நண்பர் "அந்தக் காலத்து ஆட்கள்" என்றது இவரை மனதில் வைத்தென்றால், அது சரியான பனியில் சொன்ன சரியான பேச்சு.

பிப்ரவரி 7

அந்தக் காலத்து ஆட்கள் எல்லாரும் அப்படி இல்லை. 1888ல் கிரீன்லாந்தைக் குறுக்கே கடந்த நான்சன் குழுவின் ஸ்கீகள் சுமார் 230 செ.மீ நீளம், ஆனால் நடுவில் அகலம் சுமார் 8 செ.மீ. இன்று 78 மி.மீ இடுப்பு உள்ளதை "அகல ஸ்கீ" என்று சொல்லித்தான் நாம் சண்டை போடுகிறோம். இன்னும் பின்னால் போனால் வட ஸ்வீடனில் 1924ல் கிடைத்த கால்வ்ட்ரேஸ்க் ஸ்கீ, 5,000 ஆண்டுகளுக்கு மேல் பழையது, 204 செ.மீ நீளம், அகலம் 15 செ.மீக்கு மேல். நார்வேயில் டிகர்வார்டன் மலையில் பனித்திட்டு உருகி 2014ல் ஒன்றும் 2021ல் அதன் ஜோடியும் வெளிப்பட்ட ஸ்கீகள் 1,300 ஆண்டுப் பழையவை, அவையும் அகலம்தான். வேட்டைக்குக் காட்டில் போனவர்களுக்கு மிதப்பு வேண்டியிருந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது நார்வேயின் ஒஸ்டர்டாலன் ஜோடி. ஒரு காலுக்கு மிக நீண்ட வழுக்கு ஸ்கீ, மறு காலுக்கு அடியில் விலங்குத் தோல் வைத்த குட்டை ஸ்கீ. குட்டையால் உந்து, நீளத்தில் வழுக்கு. ஒரே பலகை பிடிக்கவும் வேண்டும் வழுக்கவும் வேண்டும் என்று இரட்டை வளைவில் நாம் படும் பாட்டை அவர்கள் இரண்டு காலுக்குப் பங்கிட்டுவிட்டார்கள்.

பிப்ரவரி 8

பின்லாந்துக்காரர்கள் காட்டிலேயே 280 செ.மீ வரை ஸ்கீ ஓட்டுகிறார்களே, காட்டுக்கு நீளம் ஆகாது என்றால் எப்படி என்று ஒரு கேள்வி. ஓட்டுகிறார்கள், உண்மை. அங்கே காடு பெரும்பாலும் சமதரை, பனி காற்றடிபடாத இளக்கப் பனி. திருப்பம் குறைவு, தூரம் அதிகம். அந்த ஸ்கீகள் இரட்டை வளைவு இல்லாமல் மெத்தென்று வளையக்கூடியவை, 54 மி.மீயைவிட அகலமும் கூட. நவம்பர் 19 சூத்திரத்தில் 280ஐப் போட்டுப் பாருங்கள், அவர்கள் ஏன் விடமாட்டேன் என்கிறார்கள் என்று புரியும். மேடு பள்ளமும் நெருக்கமான மரமும் உள்ள காட்டில் அதே ஸ்கீயோடு போனால் ஒவ்வொரு மரத்தோடும் தனித்தனியாகப் பேச்சுவார்த்தை நடத்த வேண்டும்.

பிப்ரவரி 19

சர்க்கரைப் பனியைப் பற்றிச் சுருக்கமாக. நீண்ட குளிரில் அடிப்பகுதிப் பனி ஒன்றோடொன்று ஒட்டாத பெரிய துகளாக மாறிவிடும். அதன்மேல் கெட்டி அடுக்கு இருந்தால் நீள ஸ்கீ தாண்டிப் போகும், இல்லாவிட்டால் எந்த ஸ்கீயும் அடி வரை இறங்கும். நடக்கும்போது "வும்ப்" என்ற சத்தத்தோடு சுற்றியுள்ள பனி அப்படியே ஒரு அங்குலம் அமர்ந்தால் அடியிலுள்ள அந்தத் துகள் அடுக்கு உடைந்திருக்கிறது. 30 பாகைக்கு மேல் உள்ள சரிவில் அதைக் கேட்டால் பனிச்சரிவு தயாராக இருக்கிறது என்று பொருள். சரிவின் மேலேயும் கீழேயும் நிற்காதீர்கள். அங்கே ஸ்கீயின் நீளம் ஒரு விஷயமே இல்லை.

மார்ச் 12

ஈரப் பனி. நீர்ப்படலம் தேவைக்கு மேல் ஆகிவிட்டது, அடிப்பகுதியைப் பனி உறிஞ்சிப் பிடிக்கிறது. இங்கே ஒடுக்கம் உதவுகிறது, தண்ணீர் பக்கவாட்டில் வெளியேற வேண்டிய தூரம் குறைவு. அடிப்பகுதியில் ஓடும் நுண்கோடுகள் பெரிதாக இருந்தால் இன்னும் நல்லது. அடியில் அழுக்கு மெழுகு ஒட்டிய ஸ்கீ, நீளமோ குட்டையோ, நின்ற இடத்தில் நிற்கும்.

மெழுகு சங்கதி: காய்ந்த பனிக்கு நீலம், மைனஸ் 2 முதல் மைனஸ் 10 வரை. பூஜ்யத்தை ஒட்டி ஊதா. ஒருமுறை உருகி உறைந்த குருணைப் பனிக்கு இவை எதுவும் நிற்காது, உரிந்துவிடும். அதற்குக் கிளிஸ்டர்தான். குழாயிலிருந்து பிதுங்கும் அந்தப் பசை கை, கால்சட்டை, பை, கார் இருக்கை என எல்லாவற்றிலும் ஒட்டும், கடைசியில் ஸ்கீயிலும் கொஞ்சம் ஒட்டும். கிளிஸ்டர் போட்ட நாளில் புதுப் பனி விழுந்தால் பாதத்துக்கு அடியில் பனி உருண்டையாகக் கட்டி, நீங்கள் இரண்டு அங்குலம் வளர்ந்துவிடுவீர்கள்.

மார்ச் 13

செதில் வெட்டிய ஸ்கீக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை என்று மூன்று பேர் வந்துவிட்டார்கள். பூஜ்யத்தை ஒட்டிய பனியில் செதில்தான் வசதி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிழலில் காய்ந்த பனியும் வெயிலில் ஈரப் பனியும் மாறி மாறி வரும் நாளில் செதிலுக்குள் ஈரம் புகுந்து உறைந்து கட்டி பிடிக்கும். கிளம்பும் முன் செதிலிலும் பனி ஒட்டாமல் காக்கும் வழுக்கு மெழுகைத் தேய்த்துவிடுங்கள். கடுங்குளிரில் செதில் சத்தம் போடும், பிடிமானமும் நல்ல மெழுகுக்கு ஈடாகாது. நடுப்பகுதியில் மட்டும் மாட்டும் குட்டை மொஹேர் ஸ்கின் (ஆட்டுரோமப் பட்டை) ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டால் மெழுகு கட்சிக்கும் செதில் கட்சிக்கும் சமாதானம். வழுக்கு குறையும், ஏற்றத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம்.

மார்ச் 30

வெயிலில் உருகி, தெளிந்த இரவில் உறைந்து, காலையில் ஆளைத் தாங்கும் கெட்டி ஓடு. ஜனவரிப் பொருக்கின் அதே குடும்பம்தான், ஆனால் உடையாது. ஏரி, சதுப்பு, புதர் எல்லாம் ஒரே தளம். 54 இடுப்பு ஸ்கீ இதற்காகவே பிறந்தது. இரண்டு கம்பையும் சேர்த்து ஊன்றித் தள்ளினால் போய்க்கொண்டே இருக்கிறது, நிறுத்துவதுதான் வேலை. அகல ஸ்கீக்கார நண்பர் பின்னால் எங்கோ சின்னதாகத் தெரிந்தார். ஜனவரியில் அவர் சிரித்தது எனக்கு நினைவிருந்தது.

பத்து, பதினொரு மணிக்கு மேற்பரப்பு ஒரு விரல் அளவு குருணையாக இளகும். விளிம்பு பதியும், திருப்பங்கள் கைக்கு வரும், முழங்காலை மடக்கி டெலிமார்க் திருப்பம்கூடப் போடலாம். அதற்கு மேல் காத்திருந்தால் ஓடு தாங்காது, கணுக்கால் அளவு சேற்றுப் பனி. திரும்பும் நேரத்தை அதற்கேற்பக் கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள். போகும்போது ஒரு மணி நேரத்தில் முடித்த தூரம், மதியத்தில் மூன்று மணி நேரம் வாங்கும்.

ஏப்ரல் 6

கேள்வி கேட்டவர் இன்னும் வாங்கவில்லையாம், முடிவாகச் சொல் என்கிறார். 68 கிலோவுக்கு 210 வேண்டாம். 190க்கும் 200க்கும் நடுவில், 54 இடுப்பேதான் வேண்டும் என்றால் முன்பகுதி மெத்தென்று வளைவதாக, தாள் சோதனையில் தேறுவதாக. காடும் மாவுப் பனியும் அதிகம் என்றால் 78ஐ ஒட்டிய இடுப்பு, எளிதில் தட்டையாகும் ஒற்றை வளைவைவிடக் கொஞ்சம் மட்டும் விறைப்பானது. வெட்டவெளியும் ஏரியும் அதிகம் என்றால் ஒடுக்கம். இரண்டும் சரிபாதி என்றால் ஒடுக்க ஸ்கீயை வாங்கிக்கொண்டு, உடையும் பொருக்கு உள்ள நாளில் வீட்டில் இருங்கள். நான் அப்படித்தான் இருக்கிறேன். அந்த ஒரு பனியை விட்டால், மற்ற எல்லாவற்றிலும் அது எப்படியாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

ஏப்ரல் 21

பழைய ஜோடி ஒன்று கிடைக்கிறது, எதைப் பார்க்க வேண்டும் என்று வேறொருவர் கேட்டார். அடிப்பக்கம் இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்து நடுவில் ஒரே கையால் பிசையுங்கள். எளிதாக மூடிக்கொண்டால் வளைவு செத்துவிட்டது, அல்லது உங்களுக்கு மெத்து. இரண்டு கையாலும் நெருக்கி, கடைசி இடைவெளிக்கு முக்கினால் பரவாயில்லை. இரண்டு ஸ்கீயின் வளைவும் ஒரே அளவா என்று பாருங்கள். வாலிலிருந்து முனை வரை ஒரு கண்ணை மூடிப் பார்த்து முறுக்கல் இருக்கிறதா என்று கவனியுங்கள். எஃகு விளிம்பை நகத்தால் தடவிக்கொண்டே வாருங்கள், காலணிக்கு நேர் கீழே பிரிந்திருந்தால் வேண்டாம். பைண்டிங்கைப் பிடித்து ஆட்டுங்கள். திருகு ஆடினால் உள்ளே தண்ணீர் போய் மரக்கரு ஊறியிருக்கும், இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.